பல கட்டம் என்று எதைச் சொல்வது?

போர் மோட்டார் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது ஆழத்தைத்தான். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மாடித் தொட்டி என்ன உயரம் என்று எல்லாம் கேட்டு, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டு, "ஒன்றரை ஹெச்பி, பதினஞ்சு ஸ்டேஜ் போட்டுக்கலாம்" என்பார். காரைக்குடியில் என் சித்தப்பா மகன் மோட்டார் கடை வைத்திருக்கிறான். அங்கே போய் உட்காரும்போதெல்லாம் இந்த ஸ்டேஜ் என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்கள், பெரும்பாலும் போர் மோட்டாரோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர்கள், அவர்களே கூட ஒரு கேள்வி கேட்பார்கள்.

"இருபது ஸ்டேஜ் போட்டா தண்ணி கூட வருமா தம்பி?"

"தண்ணி கூடாதுண்ணே. ஏறுற உயரந்தான் கூடும்."

அவன் சொன்ன இந்த ஒரு வரிக்குள் பல கட்டம், அதாவது மல்டி ஸ்டேஜ், என்ற சொல்லின் பொருள் முழுதாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தச் சொல்லை நாம் எதற்கெல்லாமோ போடுகிறோம். தேர்தலுக்குப் போடுகிறோம், ராக்கெட்டுக்குப் போடுகிறோம், பேச்சுவார்த்தைக்கும் வாட்டர் பில்டருக்கும் வியாதிக்கும் போடுகிறோம். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றாக இல்லை. சில இடத்தில் அப்படிக் குழம்புவதால் யாருக்கும் நஷ்டமில்லை, சில இடத்தில் ஆள் உடைந்துபோகிறார்.

முதலில் பம்பையே பார்த்துவிடலாம். ரிப்பேருக்கு வந்த சப்மர்சிபிள் பம்பு ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தான். நீளமான குழாய்க்குள் ஒரே இரும்புத் தண்டு. அந்தத் தண்டில் வரிசையாகக் கோத்த இம்பெல்லர்கள் என்கிற சுழல் சக்கரங்கள், ஒவ்வொரு இம்பெல்லருக்கும் அதைச் சுற்றி ஒரு கிண்ணம். ஒரு இம்பெல்லரும் ஒரு கிண்ணமும் சேர்ந்தால் ஒரு ஸ்டேஜ். இம்பெல்லர் சுழன்று தண்ணீரை வெளிப்பக்கமாக வீசும், கிண்ணம் அந்த வேகத்தை வாங்கி அழுத்தமாக மாற்றி மேலே இருக்கும் இம்பெல்லரின் வாய்க்குள் கொண்டுபோய் விடும். அங்கே மறுபடி அதே வேலை. ஒரு ஸ்டேஜ் இருபது அடி தூக்குகிறது என்று வைத்துக்கொண்டால் பதினைந்து ஸ்டேஜ் முந்நூறு அடி தூக்கும். ஆனால் கீழே எவ்வளவு தண்ணீர் உள்ளே போனதோ அவ்வளவுதான் மேலே வெளியே வரும், ஏனென்றால் அதே தண்ணீர்தான் பதினைந்து கையும் மாறிப் போகிறது. மோட்டாரின் ஹெச்பியைக் கூட்டாமல் ஸ்டேஜை மட்டும் கூட்டினால் மோட்டாருக்குத்தான் சுமை ஏறும். அன்று கழற்றியிருந்த பம்பில் மணல் ஏறி இம்பெல்லர்களின் விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. புதுசு ஒன்றையும் தேய்ந்தது ஒன்றையும் என் இரண்டு கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னான். தேய்ந்ததில் விளிம்பு இருந்த இடம் மழுங்கி வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் மொத்தப் பம்பும் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்ற முடியாமல் பாதிக் குழாயிலேயே நிறுத்திவிட்டதாம்.

பல கட்டம் என்றால் நான் புரிந்துகொண்டது இதுதான்: முதல் கட்டம் முடித்துக் கொடுப்பதை இரண்டாம் கட்டம் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கி, அதன்மேல் தன் வேலையைச் செய்து, மூன்றாவதற்குக் கொடுக்க வேண்டும். வெறுமனே பல துண்டு இருந்தால் போதாது. கட்டம் என்ற சொல்லுக்கே நம் புழக்கத்தில் முதல் பொருள் கோடு போட்டு அடைத்த ஒரு சதுரம். லுங்கியில் கட்டம், ஜாதகத்தில் கட்டம், தாயத்தில் கட்டம். தாயத்தில் காய் ஒவ்வொரு கட்டமாக எண்ணித்தான் போகும், நடுவில் உள்ளதைக் கணக்கில் விட்டுவிட்டுப் பழத்துக்குப் போக முடியாது. பல கட்டமாக நடக்கிற காரியமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

நம் சிவகங்கைச் சீமையில் இதை எந்தப் பெயரும் சொல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்திருக்கிறார்கள். மேட்டுக் கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. மேல் ஊர்க் கண்மாயில் வண்டல் மேவிக் கிடந்தாலோ வரத்துக்கால் அடைபட்டுப் போனாலோ கீழ் ஊர்க்காரன் எவ்வளவு ஒழுங்காகத் தன் கண்மாயைத் தூர்வாரி வைத்திருந்தாலும் பிரயோசனமில்லை. பம்பு மேலே ஏற்றுகிறது, கண்மாய்த் தொடர் கீழே இறக்குகிறது, திசை மட்டும்தான் வேறு. "எங்க கண்மாய் மறுகால் போகுது" என்று ஒருவர் சொன்னால் கீழ் ஊர்க்காரர்களுக்கு அது தங்களுக்கான சேதி. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் இந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்கலாம், பேச்சு முழுக்க எந்தக் கண்மாய் எப்போது மறுகால் போகும் என்பதாகவே இருக்கும்.

ராக்கெட்டுக்கு வருவோம், பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இந்தச் சொல் அதிகம் வருவது அங்கேதான். பிஎஸ்எல்வி நான்கு கட்ட ராக்கெட். ஒன்றாவதும் மூன்றாவதும் திட எரிபொருள், இரண்டாவதும் நான்காவதும் திரவ எரிபொருள். ஒரு கட்டம் எரிந்து தீர்ந்ததும் கழன்று விழுந்துவிடும். காலிக் கூட்டை வீணாகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் காரணமே. பம்பில் கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றுகின்றன, எதுவும் கழன்று போவதில்லை. ராக்கெட்டில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி, ஒன்று முடிந்துதான் மற்றது, முடிந்தது திரும்பி வராது. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது, ஏனென்றால் முதல் கட்டம் கொடுத்த வேகத்தையும் உயரத்தையும் வாங்கிக்கொண்டுதான் இரண்டாம் கட்டம் கிளம்புகிறது. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 போனபோது முதல் இரண்டு கட்டங்களும் சரியாகவே வேலை செய்தன. மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்தது, செயற்கைக்கோள் போய்விட்டது. முந்தின இரண்டும் நன்றாகச் செய்ததற்குத் தனியாக மார்க் கிடையாது.

செய்தித்தாள்களில் "நான்கு அடுக்கு ராக்கெட்" என்றும் எழுதுகிறார்கள். நிற்கும்போது பார்த்தால் அடுக்குதான், தவறில்லை. ஆனால் அடுக்கும் கட்டமும் ஒன்றில்லை. இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்.

காரைக்குடியிலிருந்து கொஞ்ச நேரப் பயணம் ஆத்தங்குடி. கல் போடும் பட்டறைக்குள் போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலைப்பாடு போட்ட அச்சு. சிமென்டும் மணலும் ஆக்ஸைடும் கலந்த சாயக் குழம்பைக் கரண்டியில் மோந்து அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஊற்றுகிறார்கள், பச்சை ஒரு அறையில், மஞ்சள் ஒரு அறையில், சிவப்பு ஒரு அறையில். அப்புறம் அச்சை மெதுவாக, ஒரு ஆட்டம் கூட இல்லாமல், நேராக மேலே எடுக்கிறார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் கலக்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா அச்சைத் தூக்கியதும் மஞ்சள் ஒரு நூல் அளவு பச்சைக்குள் நகர்ந்தது. அவர் அதை விரல் நகத்தால்கூடத் தொடவில்லை, தொட்டால் இன்னும் கெடும் என்று அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைச் செய்தார். அதன்மேல் காய்ந்த சிமென்டும் மணலும் கலந்த தூளைத் தூவுகிறார்கள், அது சாயத்தில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்குமேல் ஈரச் சாந்தைப் போட்டு அழுத்தி, மட்டம் பார்த்து வழிக்கிறார்கள். பிறகு காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மறுபடி காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்து எடுத்தால் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் பளபளவென்று வருகிறது. பாலிஷ் மெஷின் எதுவும் இல்லை, கண்ணாடியின் வழவழப்பையே கல் எடுத்துக்கொள்கிறது.

இப்போது கவனியுங்கள். செய்யும்போது முதல் கட்டம் சாயம், கடைசிக் கட்டம் சாந்து. தரையில் பதித்தபின் சாயம் மேலே இருக்கிறது, சாந்து அடியில் இருக்கிறது. கட்டங்களின் வரிசையும் அடுக்குகளின் வரிசையும் நேர்த் தலைகீழ். அடுக்கு என்பது எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. கட்டம் என்பது எது எப்போது நடந்தது, எதற்குப் பிறகு நடந்தது என்பதைச் சொல்கிறது. அதனால் "மூன்று அடுக்குக் கல்" என்றும் சொல்லலாம், "பல கட்டமாகச் செய்யும் கல்" என்றும் சொல்லலாம், இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு சேதி.

நம் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சில் இந்த இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருக்கும். முதலில் சொரசொரப்பான சுண்ணாம்புச் சாந்து, அதற்கு மேல் அதைவிட நைசாக அரைத்தது, அதற்கு மேல் இன்னும் நைஸ், கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு, அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவது. முதல் பூச்சு சொரசொரப்பாக இல்லாவிட்டால் இரண்டாவது பிடிக்காது. அவசரப்பட்டு ஈரம் காயுமுன் அடுத்ததைப் பூசினால் வெடித்துவிடும். நூறு வருஷம் தாண்டிய, நடு முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவரில் இன்றைக்கும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கிறதென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய நேரத்தை அந்தக் கொத்தனார்கள் கொடுத்தார்கள் என்று அர்த்தம். எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு மரியாதை.

அதே வீட்டில் கட்டு என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெரு வரை நீண்டு போகும். வியாபார விஷயமாக வந்தவர் முகப்போடு நிற்பார், சொந்தம் வளவுக்குள் வரும், பந்தி இரண்டாம் கட்டில், சமையல் அதற்கும் உள்ளே. வெளியூர் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு "பல கட்ட வீடு" என்று எழுதியிருந்தார். நமக்கு அது பல கட்டு வீடு. கட்டு இடத்தைச் சொல்வது, வீட்டின் பகுதியைச் சொல்வது. வீட்டைப் பல கட்டமாகக் கட்டியிருக்கலாம், அது வேறு விஷயம், தேக்கு பர்மாவிலிருந்து வந்து சேர்ந்து வேலை முடிய வருஷக்கணக்காயிருக்கும். இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் நம் பக்கத்து ஆட்கள் யாரும் இதில் குழம்ப மாட்டார்கள்.

குழப்பம் நிறைய இருப்பது தேர்தலில். 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக நடந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டன, நம் சிவகங்கையும் அதில்தான். அதற்கப்புறம் ஜூன் 4 எண்ணிக்கை வரை மையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். இந்த ஏழில் எது முதலில் வந்தாலும் எண்ணிக்கை மாறாது. நாம் போட்ட ஓட்டை வாங்கிக்கொண்டு இரண்டாம் கட்டம் எதையும் செய்யவில்லை, அவரவர் தொகுதி அவரவருக்கு. பாதுகாப்புப் படையையும் ஊழியர்களையும் இடம் மாற்றி மாற்றிப் பயன்படுத்தத்தான் இந்தப் பிரிப்பு. 2019 டிசம்பரில் 27, 30 என்று இரண்டு நாளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அதுவும் அப்படித்தான், ஒரே மாவட்டத்தில் சில ஒன்றியத்துக்கு 27, சில ஒன்றியத்துக்கு 30. ஒரு பெரிய வேலையைச் சமாளிப்பதற்காகக் கூறு போட்டுக்கொள்வது இது. இதற்குத் தவணை என்பதே பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். ஆனால் கட்டம் என்றே நிலைத்துவிட்டது, அதோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கொரோனாத் தடுப்பூசி சமயத்தில் இது நேர் எதிராக நடந்தது. யாருக்கு எப்போது என்று பிரித்ததைக் கட்டம் என்றோம், 2021 ஜனவரியில் சுகாதாரப் பணியாளர், மார்ச்சில் அறுபது வயது தாண்டியவர்கள், மே மாதத்தில் பதினெட்டு தாண்டிய எல்லோரும் என்று. ஆனால் ஒரே ஆளுக்குப் போட்ட இரண்டு ஊசியை முதல் தவணை, இரண்டாம் தவணை என்றோம். உண்மையில் முதல் ஊசி உடம்பில் செய்துவைத்ததன்மேல்தான் இரண்டாவது ஊசி வேலை செய்கிறது. கட்டம் என்ற சொல்லுக்கு அந்த ஊசிகளுக்குத்தான் உரிமை அதிகம்.

எனக்கு மனம் வேகிற இடம் "முதற்கட்டமாக". எங்கள் ஊர் ஊருணிக்குப் படித்துறை கட்ட "முதற்கட்டமாக" ஒரு தொகை ஒதுக்கினார்கள். ஒரு பக்கம் படி வந்தது, மற்ற மூன்று பக்கமும் இன்னமும் மண் சரிவாகவே கிடக்கிறது. முதல் கட்டம் என்று ஒன்றைச் சொன்னால் இரண்டாவது உண்டு என்று வாக்குக் கொடுத்ததாக ஆகிறது. இரண்டாவதற்குத் தேதியோ திட்டமோ இல்லாவிட்டால் அந்தச் சொல்லைப் போடக் கூடாது, "இப்போதைக்கு இவ்வளவு" என்று சொல்லலாம், நேர்மையாக இருக்கும். பத்திரிகைக்காரர்களும் "முதற்கட்டமாக" என்று ஒரு அறிக்கையில் வந்தால் அப்படியே எடுத்துப் போடாமல் அடுத்த கட்டம் எப்போது என்று ஒரு வரி கேட்டால் நன்றாயிருக்கும்.

எழுதும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்கிறார்கள். பெயருக்கு முன்னால் வந்தால் "பல கட்ட", அதுவே வினைக்கு முன்னால் "பல கட்டமாக" அல்லது "பல கட்டங்களாக". பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: பல கட்டத் தேர்வு, மூன்று கட்டப் பேச்சுவார்த்தை. சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள். பிரித்து எழுதினால் படிக்கச் சுலபம் என்பதால் நான் பிரித்தே எழுதுகிறேன். கடையிலும் பட்டறையிலும் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை, அங்கே மல்டி ஸ்டேஜ்தான், அது அப்படியே இருக்கட்டும். "கட்டம் கட்டமாக" என்பதும் "படிப்படியாக" என்பதும் ஒன்று போலத் தெரியும். காய்ச்சல் படிப்படியாகக் குறையும், கட்டம் கட்டமாகக் குறையாது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடிந்தால் கட்டம், முடியாவிட்டால் படிப்படியாக. அப்புறம், உள்ளே இருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பல கட்டம் என்ற சொல்லே தேவைப்படாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் வைத்திருப்பார்கள். வெல்லப் பாகு காய்ச்சுகிற ஆச்சி "இப்ப கம்பிப் பதம்" என்பார், "இரண்டாம் கட்டம்" என்று சொல்ல மாட்டார். வயலில் நிற்பவர் "பால் பிடிக்கிற பருவம்" என்பார்.

கட்டம் என்ற சொல்லின் முழு அழகையும் பார்க்க வேண்டுமென்றால் நம் நாட்டு மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தைப் பாருங்கள், ஹோமி பாபா 1950களில் வகுத்தது. முதல் கட்டத்தில் இயற்கை யுரேனியத்தை எரிக்கும் உலைகள். எரிந்து முடிந்த அந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தால் அது இரண்டாம் கட்டமான, எரிந்துகொண்டே புது எரிபொருளும் உண்டாக்குகிற வேக ஈனுலைக்கு எரிபொருள், கல்பாக்கத்தில் கட்டியிருப்பது அதைத்தான். அங்கே தோரியத்தை வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றிக்கொண்டால் மூன்றாம் கட்டத்துக்கு அதுதான் எரிபொருள். நமக்கு யுரேனியம் குறைவு, கடற்கரை மணலில் தோரியம் அதிகம், ஆனால் தோரியத்தை நேராக எரிக்க முடியாது, அதனால்தான் இந்தச் சுற்று வழி. ஒரு கட்டத்தின் சாம்பல் அடுத்த கட்டத்தின் விறகு. இதில் எதையும் மாற்றிப் போட முடியாது, தாண்டவும் முடியாது.

வாட்டர் பில்டர் விளம்பரங்களில் "ஏழு ஸ்டேஜ்", "எட்டு ஸ்டேஜ்" என்று போடுகிறார்கள். அது உண்மையாகவே பல கட்டம்தான், வண்டலைப் பிடித்து, குளோரினைக் கார்பனில் எடுத்து, அதற்குப் பிறகுதான் ஆர்ஓ மெம்பிரேன் என்ற நுண்சவ்வுக்குள் தண்ணீர் போக வேண்டும், முன்னால் உள்ளவை சரியில்லாவிட்டால் மெம்பிரேன் சீக்கிரம் போய்விடும். ஆனால் எண்ணிக்கை கூடினால் தண்ணீர் சுத்தம் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு கார்பனை இரண்டு ஸ்டேஜாக எண்ணலாம், சுவைக்குச் சேர்க்கிற தாதுவையும் ஒரு ஸ்டேஜாக எண்ணலாம். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாம், வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு எந்த ஸ்டேஜ் தேவை என்று முடிவு செய்யுங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்றும் சல்லடை மாதிரி. முதல்நிலையில் வாங்கின மார்க் கடைசித் தரவரிசையில் சேராது, உள்ளே விடுவதோடு அதன் வேலை முடிந்தது.

இதையெல்லாம் எழுதவே எனக்குக் காரணமாக இருந்தது வியாதிக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதுதான். என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர் "செகண்ட் ஸ்டேஜ்" என்றார். வெளியே வந்ததும் பெரியப்பா சொன்னது: "ரெண்டு தாண்டியாச்சு. இன்னும் ரெண்டுதான் பாக்கி." அவர் மனதில் ஸ்டேஜ் என்பது பஸ் ரூட்டில் வருகிற ஸ்டேஜ். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இறங்கும் இடம். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெரியம்மாவோ நாம் சொன்ன அதே தாயக் கட்டம் மாதிரி எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் "மூணு ஆயிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வியாதியில் ஸ்டேஜ் என்பது அப்படி நடந்து போகிற கட்டம் இல்லை. கண்டுபிடித்த அன்றைக்குக் கட்டி எவ்வளவு பெரிசு, பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, உடம்பின் வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்து வைக்கிற அளவு அது. எந்தச் சிகிச்சை கொடுப்பது என்று முடிவு செய்வதற்காக வைப்பது. இரண்டில் கண்டுபிடித்தவர் மூன்றுக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, சிகிச்சை எடுத்துக் குணமாகி நடமாடுகிறவர்கள் நிறைய. கொடுக்கிற கீமோ சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் ஸ்டேஜ் எண்ணுக்கும் சம்பந்தமில்லை, இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சிறுநீரக வியாதிக்கு ஐந்து ஸ்டேஜ் சொல்கிறார்கள், அதிலும் மூன்றாவதிலேயே வருஷக்கணக்காக மாறாமல் இருக்கிறவர்கள் உண்டு.

ஆகவே தமிழில் எழுதுகிறவர்களை, முக்கியமாக ஆஸ்பத்திரிக்கு விளக்கச் சீட்டு தயாரிக்கிறவர்களை, நான் கேட்டுக்கொள்வது: இந்த இடத்தில் கட்டம் என்று எழுதாதீர்கள். நிலை என்று எழுதுங்கள். "இரண்டாம் கட்டப் புற்றுநோய்" என்றால் மூன்றாம் கட்டம் வாசலில் நிற்பது போல இருக்கிறது. "இரண்டாம் நிலை" என்றால் இப்போது இருக்கிற நிலை என்று மட்டும் நிற்கும். அதற்கடியில் ஒரே வரி, இந்த எண் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு, அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று பொருளில்லை என்று சேர்த்துவிடுங்கள்.

பெரியப்பாவுக்குப் புரியவைக்க முடிந்தது அடுத்த முறை டாக்டரிடமே கேட்டபோதுதான். டாக்டரைப் பார்க்கப் போகிற வீட்டார் யாராவது இதைப் படித்தால், "எத்தனாவது ஸ்டேஜ்" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்கே இருக்கிறது, எங்கெல்லாம் பரவவில்லை, இதற்குச் சிகிச்சை குணப்படுத்துவதற்கா கட்டுப்படுத்துவதற்கா, முதலில் ஆபரேஷனா மருந்தா, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், பதிலையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.